பீலித் தண்ணீர் சிவந்த வரி

அமலதாஸ் கண்டி நகரத்தை நான்கு நாவல்களில் அழித்தவர். ஒன்றில் குளம் வற்றிப் பாளம் பாளமாக வெடித்தது. இன்னொன்றில் மகாவலி ஆறு பேராதனைப் பாலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. கடைசியாக வந்த ‘ஏழாம் மலை நகர்கிறது’ நாவலில், 2060ஆம் ஆண்டு மழைக்கு ஒரு மலையே எழுந்து வந்து ஊரின் மேல் உட்கார்ந்தது.

பகலில் அவர் சட்டத்தரணி. நாவலப்பிட்டியில் ஒரு ரயில்வே கிளார்க்கின் மகனாகப் பிறந்து, கட்டுகஸ்தோட்டையில் வீடு கட்டி, காணி வழக்கும் விவாகரத்தும் பேசிப் பிழைப்பவர். நாவல்களை அவரே அச்சடித்து அவரே விற்றார். “ஊரையெல்லாம் மூழ்கடிக்கிறீங்க, நம்ம குசினிக் கூரை ஒழுகுறது மட்டும் உங்க கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது” என்பாள் மனைவி றொசானா.

பாலம்மாவின் வழக்கு அவரிடம் வந்தபோது, இது தனக்கென்றே வந்தது என்று நினைத்தார். கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், அடைமழை நாளில், மண் சரிந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்தை மூடிவிட்டது. காய்ச்சலில் படுத்திருந்த பாலம்மாவின் கணவர் உள்ளேயே புதைந்து போய்விட்டார். அந்த லயத்தில் ஆட்களை வைத்திருக்கக் கூடாது என்று அதிகாரிகள் முன்பே தோட்ட நிர்வாகத்துக்கு அறிவித்திருந்தார்கள். நிர்வாகம் லயத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. நட்டஈடு கேட்டு வழக்கு.

சாட்சியத்தை, சத்தியம் செய்து கையெழுத்திடும் சத்தியக்கடதாசியாக எழுத வேண்டும். பாலம்மா சொன்னது மிகக் கொஞ்சம்.

“மழை பேஞ்சிச்சிங்க ஐயா. மருந்து வாங்கக் கடைக்கு எறங்குனேன். திரும்பி வந்தேன். லயத்தக் காணோம்.”

“அதுக்கு முன்னால ஏதாவது வித்தியாசமா பாத்தீங்களா?”

“மழைதாங்க. வேற என்னத்தப் பாக்க?”

அமலதாஸுக்கு அது போதவில்லை. நீதிபதியின் நெஞ்சில் தைக்க வேண்டாமா? லயத்துக்காரர்கள் தண்ணீர் பிடிக்கும் மலையூற்றுக் குழாயான பீலியைப் பற்றி எழுதிக்கொண்டே போனவர், தம் கடைசி நாவலில் வாசித்தவர்கள் பாராட்டிய இடத்துக்குத் தாமறியாமலே வந்து சேர்ந்தார். ‘முதல் நாள் மாலையே பீலித் தண்ணீர் செம்மண் கரைந்து இரத்தம்போல் விழுந்ததைக் கண்டேன்.’ வரி அழகாக உட்கார்ந்தது. அதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்கக் கொடுத்தார்.

கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசித்தார், எல்லாச் சட்டத்தரணிகளும் வாசிக்கிற வேகத்தில். அந்த வரியில் பாலம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

“சரிதானே?”

“நீங்க எழுதுனா சரியாத்தாங்க இருக்கும்.”

விசாரணை நாளன்று காலையில் நீதிமன்றக் கன்டீனில் ஸைத் அவருடைய முதுகில் தட்டினார். நிர்வாகத்துக்காகப் பேசும் சட்டத்தரணி. அமலதாஸின் நாவல்களைக் காசு கொடுத்து வாங்கும் மிகச் சிலரில் ஒருவர்.

“மச்சான், ஒங்கட சத்தியக்கடதாசிய வாசிச்சன். ஏழாம் மலை மாதிரியே ஈக்கிது!”

அமலதாஸ் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் பிற்பாடு பலமுறை நினைக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் அந்த நேரத்தில் அவருக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது.

ஸைத் குறுக்கு விசாரணையை மெதுவாகத் தொடங்கினார். அவர் சிங்களத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“பீலித் தண்ணி செவப்பா வந்தத நீங்க பாத்தீங்களா?”

பாலம்மா அமலதாஸைப் பார்த்தாள். அவர் கண்ணைக் கோப்புக்குள் இறக்கிக்கொண்டார்.

“பாத்தேங்க.”

“அது மண் சரியப் போற அடையாளம். மலையில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?”

அவள் மறுபடி அமலதாஸைத் தேடினாள். ஐயா எழுதியதைத் தான் கெடுத்துவிடக் கூடாது என்ற கவலை அவள் முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

“தெரியுங்க.”

“தெரிஞ்சும், எழும்ப முடியாத புருஷன அங்க தனியா விட்டுட்டுப் போனீங்க?”

பின் வரிசை வாங்கிலிருந்து ஓர் ஆள் எழுந்தான். சுதேஷ், இறந்தவரின் தம்பி. “அடிப்பாவி, தெரிஞ்சா போன?” என்றான். பொலிஸ்காரர் அதட்ட, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். பாலம்மா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுவிசாரணைக்கு அமலதாஸ் எழுந்தார். தப்பிக்க ஒரு வழி தொழிலிலேயே இருந்தது. அவர் அதைத்தான் முதலில் எடுத்தார்.

“அம்மா, கையெழுத்து வைக்கிற நேரம் நான் வாசிச்சது உங்களுக்குச் சரியா வெளங்கல, அப்படித்தானே?”

அவள் குனிந்தாள். “ஆமாங்க. நான் படிக்காதவ. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க.”

முன் வரிசையில் இளம் சட்டத்தரணிகள் இரண்டு பேர் வாய்க்குள் சிரித்தார்கள். புருஷனைச் சாகவிட்டவள் என்ற பெயரோடு, இப்போது மடச்சி என்ற பெயரும் அவளுக்கு. இரண்டையும் கொடுத்தவர் அவளுக்காகக் கறுப்பு அங்கி போட்டு நிற்கிறவர். அமலதாஸுக்குக் காது எரிந்தது.

“கனம் நீதிபதி அவர்களே, அந்தக் கேள்வியை வாபஸ் வாங்குகிறேன். சாட்சிக்கு எல்லாம் விளங்கும். பீலித் தண்ணீர் சிவந்ததாக அவர் என்னிடம் சொல்லவேயில்லை. அதை எழுதியவன் நான்.”

ஸைத் தலையைத் தூக்கினார். அவர் வாய் லேசாகத் திறந்தது. மாதிரி அல்ல, அந்த நாவலின் வரியேதான் என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் எழுதினீர்கள்?”

அமலதாஸ் கோப்பை மூடி மேசையில் வைத்தார்.

“வாசிக்க நன்றாக இருக்கும் என்று...”

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. சட்டத்தரணியாக நின்றுகொண்டே சாட்சியம் சொல்ல முடியாது. வழக்கிலிருந்து விலகி, இதைச் சத்தியக்கடதாசியாகத் தாருங்கள் என்றார் நீதிபதி. சட்டத்தரணிகளின் நடத்தையை விசாரிக்கும் இடத்துக்கும் அறிவிக்கப்படும். பாலம்மா வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். வழக்கு இன்னொரு நாளுக்குத் தவணை போடப்பட்டது.

வெளியே தாழ்வாரத்தில் அவள் தூணோரம் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து அமலதாஸ் அவளிடம் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஐயா, அப்ப பீலித் தண்ணி செவப்பா வரலதானே?”

அவருக்குப் புரியவில்லை. “நீங்கதானே பீலியடியில இருந்தீங்க?”

“இருந்தேங்க. ஆனா நீங்க அப்படி வாசிச்சதும் எனக்குச் சந்தேகம் வந்துருச்சி. படிச்சவங்க விசாரிச்சுத்தான் எழுதியிருப்பாங்க, நாந்தான் கண்ணு கெட்டுப்போய்க் கவனிக்கலியோன்னு. அன்னையிலேருந்து தண்ணி புடிக்கிற நேரமெல்லாம் அதே நெனப்பு. நான் கவனிச்சிருந்தா அவரு இருந்திருப்பாரேன்னு.”

அந்த வரியை எழுத அவருக்கு ஒரு தேத்தண்ணீர் ஆறும் நேரம்கூட ஆகியிருக்காது. அவள் அதை இத்தனை மாதமாகக் குடத்தோடு சேர்த்துச் சுமந்திருக்கிறாள்.

“வரல அம்மா. தண்ணி செவக்கல. அது என்னோட கதைப் புத்தகத்துல உள்ளது.”

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே கச்சான் கடலை வண்டிக்குப் பக்கத்தில் சுதேஷ் முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

“அத என்கிட்ட சொல்லாதீங்க. என் கொழுந்தன்கிட்ட சொல்லுங்க. அவங்க வீட்டுல இனி நான் எப்படிங்க கால வைக்கிறது?”

அமலதாஸ் அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வாசலில் கூட்டம். தவணைக்கு வந்தவர்கள், பிணை எடுக்க வந்தவர்கள், பாதிப் பேர் அவருக்குத் தெரிந்த முகம்.

“சுதேஷ், உங்க அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க எதையும் பாக்கல. நான்தான் இல்லாதத எழுதிட்டேன்.”

சுதேஷ் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“நாங்க செத்தது போதலன்னு, அதுக்கு மேல சோடனையும் பண்ணுனீங்களா?”

கச்சான்காரர் வறுப்பதை நிறுத்திவிட்டார்.

“ஆமா” என்றார் அமலதாஸ்.

“சத்தமா சொல்லுங்க. உள்ள அத்தன பேருக்கு முன்னாலதானே அவள அப்படிச் சொல்ல வச்சீங்க.”

அமலதாஸ் படியில் நின்ற பாலம்மாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு கூட்டம் முழுதும் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.