உட்காராத விருந்தாளி

உட்கார்ந்தால் எழுப்ப முடியாத மனிதர் என்றுதான் என் வீட்டுக்காரர் ராதிசாவுக்கு ஊர் முழுக்கப் பெயர். எந்த விருந்துக்குப் போனாலும் முதலில் உட்கார்ந்து கடைசியில் எழுந்திருப்பார். கூம் திகோமிர் ஒரு தடவை அவரை நாற்காலியோடு தூக்கி டிராக்டரில் ஏற்றி அனுப்பினான். கூம் என்றால் சொந்தக்காரன் இல்லை, அதற்கும் மேலே. எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், எங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவன். அண்ணன் தம்பி பேசாமல் போனால் ஊர் ஒரு வாரம் பேசும். கூமோடு முறித்துக்கொண்டால் கல்லறை வரைக்கும் பேசும்.

ராதிசாவுக்கு எழுபத்தாறு வயதில் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். ஏழு வாரம் நகரத்துக்குப் போய்ப் போய் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைத்துக்கொண்டார். நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, பழைய பிளம் சாராயப் புட்டியைத் திறந்தோம்.

நாலைந்து மாதம் கழித்து ஆள் மாறினார். டிராக்டரில் ஏற மாட்டேன் என்றார். காபிக் கடைப் பக்கம் போவதில்லை. டிசம்பரில் திகோமிர் வீட்டு ஸ்லாவா வந்தது. வீட்டைக் காக்கும் புனிதரின் நாள் அது. அதற்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, வரவேண்டியவர்கள் வருவார்கள். வராமல் போனால் உறவு வேண்டாம் என்று ஒரே அர்த்தம்தான். முதுகு பிடித்துக்கொண்டது என்று ராதிசாவ் சொன்னார். நானும் நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டேன். நம்பியிருக்கக் கூடாது.

மறு வருடம் நவம்பரில் எங்கள் வீட்டு ஸ்லாவா. திகோமிர் வரவில்லை. ஐம்பத்து நான்கு வருடத்தில் அவன் நாற்காலி காலியாகக் கிடந்தது அன்றைக்குத்தான். ராதிசாவ் பெரிய மனிதராகிவிட்டாராம், ஏழை வீட்டு நாற்காலி அவருக்குக் குத்துகிறதாம் என்று ரொட்டிக் கடையில் அவன் சொன்னதாகக் காதில் விழுந்தது.

ஸ்லாவாவன்று விருந்து வைக்கும் வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. கடைசி விருந்தாளி போகும்வரை நின்றுகொண்டே கவனிக்க வேண்டும். இப்போது இளவட்டங்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ராதிசாவ் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றார். பாதிரியார் எல்லோர் முன்னாலும் அவரைக் காட்டிப் புகழ்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லோரும் போனபின் சூப்பை ஊற்றி வைத்தேன். அவர் தட்டை எடுத்து அடுப்பு மேடையில் வைத்து நின்றபடியே குடித்தார்.

"எல்லாரும் போயாச்சு கிழவா. இன்னும் யாருக்காக நிக்கிற?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "உட்கார்ந்தா கண்ணாடிச் சில்லு மேல உட்கார்ற மாதிரி இருக்கு விதா. ஒரு வருஷமா."

எங்கே என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். சொல்லாமலே தெரிந்தது. ஒரே கட்டிலில் படுத்தவள் நான். அந்த மனிதர் வலியில் நின்றதைப் பக்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் கேட்டார், அதுவும் அந்த இடத்து வலி, ஆம்பிளைகள் சிரிப்பார்கள் என்று. நான் சத்தியம் செய்யவில்லை. பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் அவரை நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். டாக்டர் படங்களைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். எல்லாம் சுத்தம், ஒன்றுமே இல்லை, சந்தோஷமாக வீட்டுக்குப் போங்கள் என்று எழுத ஆரம்பித்தார்.

"என்ன எழுதுறீங்க டாக்டர்?"

குறை எதுவும் இல்லை என்று எழுதுவதாகச் சொன்னார்.

"அப்படி எழுதாதீங்க. வலி இருக்கு, காரணம் தெரியலைன்னு எழுதுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா பேத்தி படிப்பா. வேற மாதிரி இருந்தா நாளைக்கும் வருவேன்."

வயதானால் இப்படித்தான் என்றார். இவரைவிட ஒரு வருடம் மூத்தவள் நான், எனக்கு உட்கார்ந்தால் வலிக்கவில்லையே என்றேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். நான் நகரவில்லை. கடைசியில் நான் சொன்னபடி எழுதி, முத்திரை குத்தி, நரம்பு வலி பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா மாத்திரை கொடுத்தாள், மூச்சை இழுத்து இடுப்பைத் தளர்த்தப் பயிற்சி சொன்னாள். ஏன் வருகிறது என்று அவளுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்னாள், அதுவே எனக்குப் பிடித்திருந்தது. படுத்தால் இப்போது தேவலை. உட்கார்ந்தால் அதே கண்ணாடிச் சில்லுதான்.

டிசம்பர் வந்தது, திகோமிர் வீட்டு ஸ்லாவாவும் வந்தது. இந்தத் தடவையும் போகவில்லை என்றால் திகோமிரோடு உறவு முடிந்தது. ராதிசாவ் கதவருகில் தொப்பியோடு நின்று, போய் எப்படி நிற்பது என்று கேட்டார். ஸ்லாவா வீட்டில் நிற்கிறவர் ஒருவர்தான், வீட்டுக்காரர். விருந்தாளி நின்றால் உன் வீட்டில் உட்கார எனக்கு இஷ்டமில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி.

"நான் பார்த்துக்கறேன், பூட்ஸை மாட்டு" என்றேன்.

திகோமிர் வீட்டில் மேஜையைச் சுற்றி நிறைய ஆட்கள். சுட்ட கெண்டை மீன், எண்ணெயில் வெந்த பீன்ஸ், நடுவில் மெழுகுவத்தி. திகோமிர் எங்களைப் பார்த்து முகத்தை இறுக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான். ராதிசாவ் நின்றார். 

"என் நாற்காலி இன்னும் குத்துதா, கூமே?" என்றான் திகோமிர்.

ராதிசாவின் காது சிவந்தது. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஆமா குத்துது. கரண்ட் வச்சதுலேருந்து இவரு உட்கார்ற இடத்துல வலி. ஏன்னு டாக்டருக்கே தெரியல. போன வருஷம் வராதது திமிர் இல்ல, வெட்கம். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சிருங்க, மீன் ஆறுது. இவரு நிப்பாரு, நானும் கூட நிப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. திகோமிர் கதவைத் திறந்து வெளியே போனான்.  முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சரளைக் கல்லில் என்னவோ உருளும் சத்தம். இடுப்பளவு உயரமுள்ள ஒரு சாராயப் பீப்பாயைத் திகோமிர் உருட்டிக்கொண்டு வந்து மேஜை ஓரம் நிமிர்த்தினான். துண்டை விரித்தான், ராதிசாவின் தட்டை அதன் மேல் வைத்தான்.

"கழுதை. ஒரு வருஷம் முன்னாடி சொன்னா வாய் வெந்துபோயிருக்குமா?" என்றான். 

தூரத்து மூலையில் இருந்த ஓய்வு பெற்ற தபால்காரர் போரிவோய் கண்ணாடிக் குவளையோடு எழுந்து பீப்பாய்க்கு வந்தார். தனக்கும் அந்த வலி மூன்று வருடமாக இருக்கிறது, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை என்றார். அவர் பெண்டாட்டி மேஜையின் அந்தப் பக்கம்தான் இருந்தாள். அவளை அங்கேயே நிறுத்தி வைத்து, டாக்டரிடம் எப்படிப் பேசுவது என்று நான் சொல்லிக் கொடுத்தேன்.

ராதிசாவ் மூன்று தட்டு மீன் சாப்பிட்டார், நின்றபடியே. பீப்பாயைத் தட்டிப் பார்த்தார்.

"காலிப் பீப்பாயைக் கொண்டாந்து வச்சிருக்கியே கூமே, கஞ்சப் பயலே."

"அடுத்த வருஷம் நிறைச்சு வைக்கிறேன். நின்னு குடி."

அன்றைக்கும் கடைசியாகக் கிளம்பியது நாங்கள்தான்.