அவர் கதையில் சாகிற பெண்கள்

எனக்குப் பிடிக்காத எழுத்தாளர் யார் என்று கேட்டால் நான் யோசிப்பதே இல்லை. போன மாதம் எங்கள் வாசகர் வாட்ஸப் குழுவில் ஒருவர் இந்தக் கேள்வியைப் போட்டார். ஆளாளுக்கு நழுவினார்கள். எல்லோரிடமும் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்றார் ஒருவர். இன்னொருவர், என்றோ இறந்துபோன ஒரு வெளிநாட்டுக்காரரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். நான் எங்கள் விழுப்புரத்துக்காரர் ஒருவரின் பெயரை எழுதி, பக்கத்தில் 'எல்லாப் புத்தகங்களும்' என்று சேர்த்தேன். வயதில் பெரியவரை இப்படிச் சொல்லலாமா என்று குழுவில் சிலர் வருத்தப்பட்டார்கள். அதை நான் பதினொரு வயதிலேயே, அவர் முகத்துக்கு நேராக, மைக்கில் சொல்லிவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் மலையைப் பார்த்தபடி போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர்ப் பள்ளியில் நான் ஆறாம் வகுப்பு. அதே பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அம்மா சமையல் உதவியாள். அப்பா சென்னையில் பெயின்ட் வேலைக்குப் போய்விட்டுப் பண்டிகைக்குப் பண்டிகை வருவார்.

பள்ளியில் ஒரு கண்ணாடி பீரோ இருந்தது. அதுதான் நூலகம். அதில் ஓர் அகராதியும், கோழி வளர்ப்பு பற்றிய ஒரு புத்தகமும், மீதி முழுக்க அந்த எழுத்தாளரின் சிறுவர் கதைகளும் இருந்தன. கல்வித் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாவட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் தம் புத்தகங்களைக் கட்டுக்கட்டாகத் தாமே அன்பளிப்பாக அனுப்பிவைப்பார். எனக்குப் படிக்கிற வெறி. கோழிப் புத்தகத்தை இரண்டு முறை முடித்துவிட்டு அவரிடம் வந்துசேர்ந்தேன்.

முதல் கதையில், பண்ணையார் வீட்டு ஆடு மேய்க்கிற பெண் கிணற்றில் விழுந்த பண்ணையார் மகனைக் காப்பாற்றிவிட்டுத் தான் மூழ்கிப் போவாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அடுத்ததில் செங்கல் சூளையில் வேலை செய்கிற பெண்ணைப் பாம்பு கடித்தது. அதற்கும் கொஞ்சம் அழுதேன். மூன்றாவதில் வீட்டு வேலைக்கு வந்த சிறுமிக்குக் காய்ச்சல் கண்டபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். நினைத்தது போலவே அந்த வீட்டுப் பையன் அவள் நினைவாக ஒரு வேப்பங்கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இனிமேல் நன்றாகப் படிப்பேன் என்று கன்றின்மேல் சத்தியமும் செய்தான்.

அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும், எங்கள் தெருப் பெண் மாதிரி ஒருத்தி முதல் பக்கத்தில் சிரித்துக்கொண்டு வந்தால், இவளுக்கு இன்னும் எத்தனை பக்கம் என்றுதான் பார்ப்பேன். சாகும்போதும் அவள் தண்ணீர் கேட்க மாட்டாள், அம்மாவைக் கூப்பிட மாட்டாள். "தம்பி, நீ நன்றாகப் படித்து நாட்டுக்கு உழைக்க வேண்டும்" என்று சுத்தமான தமிழில் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். எங்கள் தெருவில் யாரும் அப்படிச் செத்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பள்ளி இலக்கிய மன்ற விழாவுக்கு அவரே சிறப்பு விருந்தினராக வந்தார். வெள்ளை வேட்டி, சந்தன நிறச் சால்வை, நல்ல குரல். தம் கதையைப் படித்து அழாத குழந்தையே இந்த மாவட்டத்தில் கிடையாது என்று பேச்சின் நடுவில் சொன்னவர், "அழுதவங்க எல்லாம் கைதூக்குங்க பார்ப்போம்" என்றார். முன்பே சொல்லிவைத்தது போல மொத்தப் பள்ளியும் கைதூக்கியது. படிக்காதவர்களும் தூக்கினார்கள். முதல் வரிசையில் நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் சிரித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி வந்து மைக்கை என் வாயருகே நீட்டினார். "என்னம்மா, உனக்கு அழுகை வரலையா?"

"மொதல்ல வந்துச்சி சார். அப்புறம் கோவந்தான் வந்துச்சி."

"யார் மேல கோவம்?"

"உங்க மேலதான் சார்."

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். ஏன் என்று கேட்காமல் அவர் மேடைக்குத் திரும்பியிருக்கலாம். கேட்டுவிட்டார்.

"எல்லாக் கதையிலயும் எங்கள மாரி பொண்ணுங்கதான் சார் சாவுறாங்க. நாங்க செத்தாதான் அந்தப் பையன் படிப்பானா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தமிழ் டீச்சர் ஓடிவந்து என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். நான் நின்றுகொண்டிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சமையல் கூடத்து வாசலில் கரண்டியோடு நின்றிருந்த அம்மா உள்ளே போய்விட்டாள்.

யாரோ அதைப் போனில் எடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாமாவுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர் ஒரு சிங்கத்தின் படத்தோடு சேர்த்து அதைத் தம் ஸ்டேட்டஸில் வைத்தார். மறுநாள் தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டனுப்பிய செய்தி தெரிந்ததும் சிங்கத்தை எடுத்துவிட்டார்.

தலைமையாசிரியை கெட்டவர் அல்ல. அம்மாவை நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் பேசினார். "பாப்பாவ கூட்டிக்கினு போயி ஐயா வீட்ல ஒரு சாரி சொல்லிட்டு வந்துடும்மா. அவருக்கு மேலிடத்துல எல்லாரையும் தெரியும். எனக்கும் பேஜாரு, ஒன் வேலைக்கும் பேஜாரு." அம்மாவின் வேலை நிரந்தரமாகாத சமயம் அது. எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகவே படவில்லை. சாரி சொல்ல மாட்டேன் என்று வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா அடிக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, ஒரு பையில் மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, வறுத்துப் போட்டுக் கையில் கொடுத்து, விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றினாள்.

அவர் வீட்டில் எங்கு பார்த்தாலும் கேடயங்கள். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நான் உட்காரவில்லை. எழுத்தாளர் என்னிடம் கோபமே காட்டாமல், துக்கம்தான் மனிதர் மனத்தைப் பண்படுத்தும், ஏழைகள்மேல் இரக்கம் பிறக்கத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நிதானமாக விளக்கினார். பிறகு காத்திருந்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைசியில் அம்மா எழுந்து கைகூப்பினாள். "அவ்ளோ ஜனம் இருக்கற எடத்துல பெரியவங்கள நிக்க வச்சிப் பேசனது தப்புதான் சார். அதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"சரிம்மா. அவள் சொன்ன விஷயத்துக்கு?"

அம்மா கையை இறக்கினாள். "அத நான் எப்பிடி சார் சொல்றது? படிச்சது அவ."

அவர் உள்ளே போய்த் தம் புதிய புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, வாழ்த்துகளுடன் என்று எழுதிக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அம்மா வாங்கிக்கொண்டாள்.

திரும்புகிற பஸ்ஸில் நான் அவளோடு பேசவேயில்லை. மாமா வைத்த சிங்கத்துக்கு இப்படி ஓர் அம்மாவா என்று இருந்தது. போயும் போயும் அந்த ஆளுக்குக் கைகூப்பிவிட்டாளே! கோபத்தில் அவள் மடியிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிப் படிக்கத் தொடங்கினேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் கதையிலிருந்த தறிக்காரர் மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. திண்டிவனத்தில் இறங்குவதற்குள் கன்றும் நட்டாகிவிட்டது. இந்த முறை புங்கங்கன்று. "பாத்தியா, மறுபடியும்!" என்று அம்மாவின் மடியிலேயே புத்தகத்தைப் போட்டேன்.

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் போன் செய்து, விஷயம் முடிந்தது என்று சொல்லிவிட்டதாகத் தலைமையாசிரியை சந்தோஷப்பட்டார். நான்தான் முடித்துக்கொள்ளவில்லை. அவர் புத்தகங்களை எடுக்க மாட்டேன் என்று நூலக டீச்சரிடம் சொல்லிவிட்டு, கோழிப் புத்தகத்தை மூன்றாம் முறை எடுத்தேன். அது நேர்மையான புத்தகம். கோழிக்கு ஏன் சீக்கு வருகிறது, வந்தால் என்ன மருந்து என்று அதில் போட்டிருந்தது.

அம்மா அந்தப் புதிய புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மத்தியானம் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, சமையல் கூடத்துப் படியில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்தி, உதடு அசைய அதைப் படித்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப் பக்கம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். எதிரியின் புத்தகத்தை இப்படியா எழுத்துக்கூட்டி மதிப்பார்கள்?

ஒருநாள் அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். புத்தகம் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஒரு பக்கத்தின் முனை மடிக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் தறிக்காரர் மகளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் விட்டிருக்கிறது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறாள்.

"இன்னும் பத்துப் பக்கந்தான இருக்குது? ஏன் நிறுத்திட்ட?" என்றேன்.

"எனக்கு அவ்ளோ போதும்."

"அதுக்கப்புறம் இன்னா ஆவுதுன்னு நான் சொல்லட்டா? அவ…"

அம்மா எட்டி என் வாயைப் பொத்தினாள். கையில் பருப்பு வாசனை. "சொல்லாத" என்றாள். அவள் அப்படிக் குரல் உயர்த்தி நான் அதுவரை கேட்டதில்லை. பிறகு புத்தகத்தை வாங்கி, மடிப்பு கலையாமல் மூடி, டிரங்குப் பெட்டியில் என் சின்ன வயசுத் துணிகளுக்கு மேலே வைத்துப் பூட்டினாள்.

பாவம், அம்மாவுக்குப் படிப்பு ஏறவில்லை, ஒரு கதையைக்கூட முழுசாக முடிக்கத் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.