பின்னால் பார்க்கிற வேலை

பாய்மரப் பந்தயப் படகில் எல்லோரும் முன்னால் பார்ப்பார்கள். பின்னால் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். காற்று முதுகில் அடிக்கும்போது, பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுவதற்கு 'ஜைப்' என்று பெயர். எப்போது மாற்றலாம் என்று காற்றைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். மாற்றுவதும் மாற்றாததும் முதலாளி இஷ்டம். முதலாளிக்கு யோசனை சொல்லிப் பிழைக்கிறவர்களே, மீதியை நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆறாவது இடம்

எங்கள் முதலாளி செம்பூரில் டாக்டர். சுக்கான் அவர் கையில். பாயின் கயிறு தாராவி ஜெயபால் கையில். நான் மான்குர்த்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைன் ரயிலில் நின்றுகொண்டே வருகிறவன்.

ஒரு பந்தயத்தில் இடது பக்கம் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. நல்ல காற்று வருகிறது என்று அர்த்தம். "இப்ப மாத்தலாம் சார்" என்றேன். "இருப்பா, பாக்கலாம்" என்றார். பக்கத்துப் படகுகள் மாற்றிக்கொண்டு போயின. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறாவதாக வந்து பாயை மடிக்கும்போது ஜெயபால் என் காதருகே சொன்னான்: "ஏலே வேலு, காத்து என்ன பஸ்ஸா, இவரு ஏறுத வரைக்கும் நிக்கதுக்கு?"

வேகம் குறையட்டும்

படகு மிக வேகமாக ஓடும்போதுதான் பாயை மாற்ற வேண்டும். அப்போதுதான் பாயின் மேல் பாரம் குறைவு. பயப்படுகிற மனசுக்கு இது நேர் எதிராகத் தோன்றும்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம். அலையில் சறுக்கிக்கொண்டு பறக்கிறோம். "இப்ப சார்!" என்று கத்தினேன். "இவ்வளவு வேகத்துலயா? குறையட்டும்" என்றார். முன்னால் இருந்த அலையில் மூக்கைக் குத்திப் படகு நின்றது. காற்று முழுசும் பாயில் ஏறியது. டாக்டர் பதறி, யாரிடமும் சொல்லாமல் சுக்கானைத் திருப்பிவிட்டார். பாயின் அடியில் இருக்கிற நீளமான உலோகக் கம்பம் ஒரே வீச்சில் குறுக்கே வந்தது. சிக்கிய கயிற்றை எடுக்கக் குனிந்திருந்த ஜெயபால் அப்போதுதான் நிமிர்ந்தான்.

சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். இடது காதிலிருந்து ரத்தம். டாக்டர் தன் சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்தார். ஜெயபால் கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "ஏலே, பாயி மாறிட்டா?"

தாராவி

வைத்தியத்தை டாக்டரே பார்த்துக்கொண்டார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காது போனது போனதுதான். எழுந்து நின்றால் ஜெயபாலுக்குத் தலை சுற்றியது. படகு கிடக்கட்டும், மாடிக்குப் போகிற இரும்பு ஏணியிலேயே அவனால் ஏற முடியவில்லை.

பார்க்கப் போயிருந்தேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். டாக்டர் எப்படித் திருப்பினார், அலை எப்படி வந்தது என்று அவன் சம்சாரத்திடம் விளக்கிக்கொண்டிருந்தேன். ரோசம்மா பாதியிலேயே கேட்டாள்: "நீங்க காத்தப் பாத்திய, சரி, இவுகளப் பாக்க அங்க யாருண்ணே இருந்தா?"

முடிவு என்னுடையது

அடுத்த சீசனில் டாக்டர் சொல்லிவிட்டார்: "இனிமே நீ சொன்னா மாத்தறேன் வேலு. என்னைக் கேக்காதே." இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்டது இதைத்தான்.

முதல் பந்தயத்திலேயே காற்று வந்தது. தண்ணீர் கறுப்பதைப் பார்த்தேன். உடனே திரும்பி, எல்லோர் தலையும் குனிந்திருக்கிறதா என்று பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன். வாய் திறக்கவில்லை. காற்று எங்களைக் கடந்து போயிற்று. கடைசியாக வந்தோம். கரையில் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீ சொல்லாம இருக்கணுமேன்னுதான் நானும் வேண்டிண்டிருந்தேன்."

இப்போது எங்கள் படகில் யாருக்கும் அடிபடுவதில்லை, கோப்பையும் வருவதில்லை. காற்று மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டுப் போகிறது.