கிழங்குக்குக் கேட்ட கையெழுத்து

மெர்வின் கோர்லி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்ததைக் கேட்டபின் அவரைத் திட்டாதவர் வட அயர்லாந்தின் கடலோர டொனகடீ ஊரில் யாருமில்லை. திட்டிய அதே வாய்தான் அவருக்காக அழவும் செய்தது.

துறைமுகத் தெருவில் அவருக்கு ஒரு கடை. விதைக்கிழங்கு, காய்கறி விதை, கோழித்தீவனம், ரப்பர் பூட்ஸ் எல்லாம் கிடைக்கும். அப்பா காலத்துக் கடை. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுக்கும் சண்டை மூண்டு ஊருக்கு ஊர் குண்டு வெடித்த காலத்தில் கடையின் முன்கண்ணாடி இரண்டு தடவை தூள்தூளாகியிருக்கிறது. இரண்டு தடவையும் சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, அன்றைக்கே கதவைத் திறந்து வியாபாரம் பார்த்தார் மனுஷன். ஊர் அவரைத் தூக்கி வைத்துப் பேசியது. பிடிவாதத்தைப் போல ஒரு குணம் உலகத்தில் கிடையாது என்று அப்போது அவர் மனதில் விழுந்ததுதான், பிறகு அது இறங்கவே இல்லை. 'ஓர் அங்குலமும் விடோம்' என்று அந்தப் பக்கத்துப் புராட்டஸ்டண்டு ஜனங்கள் சுவரில் எழுதி வைப்பார்கள். மற்றவர்களுக்கு அது சுவரோடு போகும். மெர்வின் அதைச் சாப்பாட்டு மேசை வரைக்கும் கொண்டுவந்தார்.

மனைவி எட்னா செத்துப்போனபோது மகள் லோர்னா பள்ளிக்கூடம் போகிற பெண். ஒரே பிள்ளை. அவளுக்குச் சடை பின்னத் தெரியாமல் தவித்து, கோழித்தீவனம் வாங்க வந்த ஒரு பெண்மணியிடம் கடையிலேயே கேட்டுக் கற்றுக்கொண்டார். ரிப்பன் கிடைக்காத நாளில் மூட்டை கட்டும் சணல் கயிற்றால் முடிந்து அனுப்பினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்தபோது, "எங்க அப்பா பின்னுனது" என்று அவள் சட்டமாகச் சொன்னாளாம். அப்படி வளர்ந்த பெண்.

கடைக்கு விதைக்கிழங்கு கடலுக்கு அந்தப் பக்கம், ஸ்காட்லாந்தில் கெர்வனுக்கு மேலே உள்ள மேட்டு நிலத்துப் பண்ணையிலிருந்து வரும். காற்று அடிக்கிற குளிர் நிலம், கிழங்குக்கு நோய் ஒட்டாது. வானம் வெளுத்திருந்தால் டொனகடீ கரையில் நின்றே அந்தக் கரையைப் பார்க்கலாம். அந்தப் பண்ணைக்காரர் மகன் அலஸ்டர் மூட்டை இறக்க வந்து போய், லோர்னாவைக் கட்டிக்கொண்டு போனான். அதன் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் மகள் பொறுக்கி அனுப்பிய கிழங்கு அப்பா கடைக்கு வந்து, தட்டுகளில் முளைகட்டி, ஊர்த் தோட்டங்களில் எல்லாம் விளைந்தது. "இது என் பொண்ணு வீட்டுக் கிழங்கு" என்று சொல்லாமல் மெர்வின் ஒரு மூட்டை விற்றதில்லை.

பிறகு பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அயர்லாந்துத் தீவின் தெற்குப் பகுதி ஐரோப்பாவோடு நின்றது, வடக்கு லண்டனோடு நின்றது. நடுவில் தரையில் வேலி போட்டால் பழைய ரத்தம் மறுபடி ஓடும் என்று பயந்து, சோதனையைக் கடலில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரே நாட்டுக்குள் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு வரும் வியாபாரச் சரக்குக்குச் சுங்கக் காகிதம். மண் ஒட்டிய கிழங்கு வரவே கூடாது என்று ஆனது. மூன்று பருவம் வரவில்லை. மெர்வின் தெற்கேயிருந்து விதை வாங்கி விற்றார். ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு வசவு இலவசம்.

அப்புறம் லண்டனும் ஐரோப்பியத் தலைமையான பிரசெல்ஸும் உட்கார்ந்து புது ஒப்பந்தம் போட்டார்கள். கிழங்கு வரலாம். அனுப்புகிறவர் அரசாங்கத்தில் பதிந்துகொண்டு மூட்டையில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். வாங்குகிற கடைக்காரரும் ஒரு தடவை பதிந்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும், சரக்கு வடக்கிலேயே தங்கும் என்று உறுதி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். லோர்னா தன் பக்கத்து வேலையை முதல் வாரமே முடித்துவிட்டு, அப்பாவுக்குப் போன் செய்தாள்.

மெர்வின் மாட்டேன் என்றார். தன் சித்தப்பா பிரிட்டனுக்காகச் சண்டை போட்டு மண்ணோடு போனவர் என்றார். கெர்வன் வெளிநாடு என்று எழுதிய காகிதத்தில் கோர்லி வம்சம் கையெழுத்துப் போடாது என்றார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் சிரித்தாள், கெஞ்சினாள், கடைசியில் அவளும் குரலை உயர்த்தினாள்.

அந்த மாதமே, புராட்டஸ்டண்டு சங்கத்தார் கூடும் ஆரஞ்சு மன்றத்தில் ஒரு கண்டனக் கூட்டம். மெர்வினை மேடையேற்றிவிட்டார்கள். பேசத் தெரியாத மனுஷன் அன்றைக்குப் பார்த்துப் பேசினார். என் மகள் அனுப்பும் கிழங்கு எப்போது காகிதமில்லாமல் கப்பல் ஏறுகிறதோ, அன்றைக்குத்தான் நானும் அவளைப் பார்க்கக் கப்பல் ஏறுவேன், அதுவரை இல்லை என்றார். மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் பொல்லாத சாராயம். இறங்கி வந்தவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்.

இதில் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. மனுஷர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கப்பல் தினம் போய்வந்துகொண்டுதான் இருந்தது. டிக்கெட் எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்கு மகள் வீட்டில் இருக்கலாம். அவள் கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கேக்கும் கம்பளிச் சட்டையும் ஒரு கேள்வியும் இல்லாமல் தபாலில் வந்து சேர்ந்தன. காகிதம் கேட்டது வியாபாரக் கிழங்குக்கு மட்டும். அதற்குப் போய் இந்த மனுஷன் தன்னைத் தானே கரையில் கட்டிப்போட்டுக்கொண்டார்.

கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் ஹெஸ்ஸி பர்டி வாய்க்குப் பூட்டு இல்லாதவள். விதவை, பல வருஷமாக அங்கே வேலை. கம்ப்யூட்டரில் தானே பதிந்துவிடுவதாகவும், அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தாள். தன் பெயரைத் தொட்டால் வேலை போய்விடும் என்றார் மெர்வின். வேலை போனால் இவருக்கு டீ போட்டுத் தர யார் இருக்கிறார்கள் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் லோர்னாவுக்கு நோய் கண்டது. கணையத்தில் புற்று. டாக்டர்கள் நம்பிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று அலஸ்டரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். சொன்னால் பயந்தடித்து ஓடி வருவார், அது அவளுக்கு வேண்டாம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை தனக்காக அவர் இறங்கி வர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. விதை ஒன்று போட்டால் செடி வேறொன்றா முளைக்கும்? அவளும் கோர்லிதான்.

படுக்கையில் விழுவதற்கு முன் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே இரண்டு மூட்டை விதைக்கிழங்கு பொறுக்கினாள். ஜனவரியில் அலஸ்டர் சீட்டு ஒட்டி, மாமனார் பெயருக்கு லாரியில் ஏற்றினான். துறைமுகத்தில் சரக்கு நிற்பது தெரிந்தால் அப்பா மனசு கேட்காது, பதிந்துவிடுவார், பிறகு தன் வாயாலேயே விஷயத்தைச் சொல்லி வரச் சொல்லலாம் என்பது அவள் கணக்கு. போனில் அவளே பேசினாள். குரல் சன்னமாக இருந்தது. சளி என்று சொல்லிக்கொண்டாள்.

"இந்த ஒரு தடவை எனக்காகப் போடுங்கப்பா. இந்தக் கிழங்கு உங்க கையில முளைக்கணும்னு இருக்கு."

"நீ கேட்டா உசிரையே தருவேன் கண்ணு. கையெழுத்து மட்டும் கேக்காத."

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். மகளோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

இரண்டு நாளில் லாரிக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். வாங்குகிறவர் எண் இல்லாமல் சரக்கைக் கப்பலில் ஏற்ற முடியாதாம், அந்தக் கரையிலேயே நிற்கிறதாம், என்ன செய்யட்டும் என்றாள். ஹெஸ்ஸி பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தாள். "திருப்பி அனுப்பும்மா" என்றார் மெர்வின். அன்று மாலை அலஸ்டரும் கூப்பிட்டான். தயவுசெய்து போட்டுவிடுங்கள் என்றான், குரல் உடைந்தது. மாப்பிள்ளை குடித்திருக்கிறான் என்று மெர்வின் நினைத்துக்கொண்டார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை, என்னப்பா ஆச்சு என்று கேட்டிருக்கலாம்.

மார்ச் மாதம் ஒரு காலையில், கடை திறந்துகொண்டிருந்தபோது சாவு சேதி வந்தது.

மெர்வின் கப்பல் ஏறினார். சபதத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அவருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு காகிதம் கேட்காமல் கப்பல் அவரைக் கொண்டுபோய் விட்டது. அந்த ஊர் வழக்கப்படி நெருங்கிய சொந்தங்கள் ஆளுக்கொரு கயிறு பிடித்துத்தான் பெட்டியைக் குழிக்குள் இறக்குவார்கள். தலைமாட்டுக் கயிறு கணவனுக்கு உரியது. அலஸ்டர் அதை மாமனார் கையில் கொடுத்துவிட்டுக் கால்மாட்டுக்குப் போனான். பெட்டி கனமே இல்லாமல் இருந்தது. பிள்ளை எப்படி இளைத்துப் போயிருந்தாள் என்பது அந்தக் கயிற்றில்தான் அவருக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிந்து பண்ணை வீட்டுக்கு வந்ததும், அந்த இரண்டு மூட்டைகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அலஸ்டர் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். அவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தான். சாக்கின் இழை வழியாக முளைகள் வெளுத்து நீண்டு வெளியே வந்திருந்தன.

"இது திரும்பி வந்தத அவ பாத்தாளா?" என்றார் மெர்வின்.

"பாத்தா. கட்டில ஜன்னல் பக்கம் போடச் சொல்லியிருந்தா. லாரி வாசல்ல நிக்கிறதப் பாத்துட்டு, அப்பாவா வந்திருக்காருன்னு கேட்டா. இல்லம்மா, கிழங்கு திரும்பி வந்திருக்குன்னேன்."

"என்ன சொன்னா?"

அலஸ்டர் சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்தான். முடியவில்லை. "சரி, அப்ப அவரு வர மாட்டாருன்னா. அதுக்கப்புறம் உங்களப் பத்திக் கேக்கவே இல்ல மாமா."

மெர்வின் அந்த மூட்டைகளைத் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகப் பார்த்தார். கடைக்குப் போகும் விதைக்கிழங்கு, எண் இல்லாமல் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள், அங்கேயே அழித்தாலும் அழித்துவிடுவார்கள் என்று அலஸ்டர் பதமாக எடுத்துச் சொன்னான். பதிந்து எண் வாங்கினால் மறுவாரமே தானே கொண்டுவந்து தருவதாகவும் சொன்னான். மெர்வின் வெறும் காரோடு திரும்பினார்.

மறுநாள் காலை கடைக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே கல்லாவுக்கு வந்து, ஜன்னல் பக்கத்துக் கட்டிலைப் பற்றி அலஸ்டர் சொன்னதை ஹெஸ்ஸியிடம் அப்படியே சொன்னார், பிறகு அதைப் பதிந்துவிடச் சொன்னார். ஹெஸ்ஸி எதைப் பதிவது என்று கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெயர், கடை முகவரி, வரி எண், என்ன சரக்கு வரும், அது வடக்கிலேயே விற்றுத் தீருமா. இவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். அடுப்பில் வைத்த டீத்தண்ணீர் அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது.

"அவ்வளவுதான் மெர்வின். எண் சில நாள்ல வந்துரும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். மேலேயிருந்து கீழே வரை படித்தார். மறுபடி மேலே போய்ப் படித்தார். இத்தனை காலம் எதிர்த்து நின்ற அந்தக் காகிதத்தை அவர் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கெர்வன் வெளிநாடுன்னு ஒத்துக்கிறீங்களான்னு எந்த எடத்துல கேக்குறான்?"

"கேக்கல."

"எங்கயுமா?"

"எங்கயும் இல்ல. நான் அன்னிக்கே சொன்னேன், நீங்க காது கொடுக்கல."

மெர்வின் கல்லா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எம் புள்ளைய நானே கொன்னுட்டேனா ஹெஸ்ஸி?"

வேறு யாராவது என்றால் இல்லை இல்லை என்று தலையைத் தடவியிருப்பார்கள். ஹெஸ்ஸிக்குப் பொய் வராது. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"கொன்னது நோய்தான். அத நீங்க தடுத்திருக்க முடியாது. ஆனா அவ ஜன்னலப் பாத்துக்கிட்டே கெடந்தா பாருங்க, அது உங்களாலதான்."

அந்த மனுஷன் நின்ற இடத்திலேயே, தீவன மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, லோர்னா, லோர்னா என்று வாய்விட்டு அழுதார். வெங்காய விதை வாங்க வந்த ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். ஹெஸ்ஸி எழுந்துபோய் அவரிடம் கடை இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.