பெரிய வியாழனன்று நான் நீட்டிய கால்

எங்கள் பங்குக் கோயிலில் பாதம் கழுவும் சடங்குக்குப் போகிறவர்கள் வீட்டிலேயே பாதத்தைக் கழுவிக்கொண்டுதான் போவார்கள். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில், சேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்ததைப் போல, சாமியார் பன்னிரண்டு பேருடைய வலது காலைக் கழுவி, துடைத்து, முத்தம் கொடுப்பார். அந்தப் பன்னிரண்டு பேரும் மத்தியானமே தேய்கல்லும் சோப்புமாகக் குளியலறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நகம் வெட்டி, பித்தவெடிப்பைத் தேய்த்து, பவுடர் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். ஒரு வருஷம் ஒரு பெரியவர் காலுக்கு சென்ட் அடித்துக்கொண்டு வந்து, குனிந்த சாமியாருக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. எல்லாரும் சிரித்தோம். ஆனால் இத்தனை சுத்தமான காலை எதற்கு மறுபடியும் கழுவுகிறார் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

நான் ரிட்டயர்டு டீச்சர். திருவிடைமருதூருக்குப் பக்கத்துக் கிராமம். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் கத்திக் கத்தி எனக்கு வாய் கொஞ்சம் நீளமாகிவிட்டது. பங்குப் பேரவையிலும் இருக்கிறேன். பீடத்துத் துணி, பூ அலங்காரம், யார் வாசகம் வாசிப்பது, யார் காணிக்கை எடுத்துப் போவது, எல்லாம் என் அதிகாரம். புதுசாக வருகிற சாமியார்கள்கூட, "டீச்சரைக் கேட்டுக்குங்க" என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சொன்ன பொய் போதும்.

என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆள் நல்ல ஆகிருதி. அவரைப் புரட்டிப் போட, துடைக்க, துணி மாற்ற என் ஒருத்தியால் ஆகாது. ஒரே மகள் கனடாவில். முதலில் கும்பகோணத்திலிருந்து ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான், இரண்டே மாதத்தில் நின்றுவிட்டான். அன்றைக்கு நான் கொல்லைப்புறம் நின்று அழுதுகொண்டிருந்ததை வயலிலிருந்து திரும்பிய ஒரு பொம்பளை பார்த்தாள். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவள். எங்கள் கோயிலுக்குத்தான் வருவாள், கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து போவாள். அவளோடு நான் அதுவரை பத்து வார்த்தை பேசியிருப்பேனா, சந்தேகம்தான்.

"என்ன டீச்சர், தூக்கணுமா?" என்று கேட்டபடியே உள்ளே வந்துவிட்டாள். கொல்லைக் கதவு திறந்திருந்தது. நேரே கட்டிலுக்குப் போனாள். "சார், நான்தான். அசையாதீங்க," என்று சொல்லி, அவர் தோளுக்கடியில் கையை விட்டு ஒரே மூச்சில் புரட்டினாள். மலஜலம் எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் துடைத்தாள். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வருகிறாள். கூலி பேசவில்லை, கொடுத்தாலும் வாங்கவில்லை. "இதுக்கெல்லாமா டீச்சர்," என்பாள். பழைய புடவை, மீந்த குழம்பு என்று ஏதாவது கொடுத்துவிடுவேன். அதோடு சரியாய்ப் போச்சு என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் வீடு மட்டும் இல்லை, அவள் தெருவில் படுக்கையில் கிடக்கிற இன்னும் இரண்டு பேரையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் என்னைவிட மூன்று வயது மூத்தவள். எனக்கு அவள் "வா, போ"தான். இதை எழுதும்போதுகூட "அவர்" என்று கை வரவில்லை, பாருங்கள்.

போன வருஷம் தவக்காலத்தில் எங்கள் சாமியார், இளவயசுக்காரர், பிரசங்கத்தில் ஒரு விஷயம் சொன்னார். "இந்த வருஷம் பாதம் கழுவ ஆளை நானே எழுதித் தர்றேன். பதவியில இருக்கவங்க வேண்டாம். ஊர்ல அடுத்தவங்களுக்குக் கழுவிவிடுறவங்க யாரோ, அவங்க கால நான் கழுவணும்னு ஆசை." அடுத்த வாரம் பட்டியலை என் கையில் கொடுத்தார். கடைசிப் பெயர் அவளுடையது. நல்லதுதான் என்று நானும் நினைத்தேன். அவளுக்குத் தகவல் சொன்னதும் நான்தான்.

அவள் முகத்தைப் பார்க்கணுமே! கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னையவா டீச்சர்? நெசமா?"

"உன்னையத்தான். பேர் எழுதியிருக்கு பார்."

"சாமி கையால என் காலத் தொடுவாரா?"

"தொடுறதென்ன, முத்தமே குடுப்பார்."

"ஐயோ மாதாவே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரருக்குப் பேச்சு கோணல்மாணலாகத்தான் வரும். அவர் அன்றைக்கு அவளைப் பார்த்துச் சிரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பெரிய வாரம் செவ்வாய்க்கிழமை அவள் நடவு முடிந்து நேரே வந்தாள். பம்புசெட்டுத் தண்ணீரில் குறுவை நடவு எங்கள் பக்கம் ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். கூடத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "இதைப் பாருங்க டீச்சர், வியாழக்கிழமைக்குள்ள ஆறுமா?" நான் பார்த்தேன். சேத்துப்புண். விரல் இடுக்கெல்லாம் வெளுத்து ஊறி, தோல் உரிந்து, உள்ளே சிவப்பாக இருந்தது. குதிகால் வெடிப்பில் சேறு உறைந்து கறுப்புக் கோடாகி, எந்தக் கல்லுக்கும் போகாது என்று தெரிந்தது. மருதாணி அரைத்துப் பத்துப் போட்டிருக்கிறாள், அதுவும் திட்டுத்திட்டாகப் பிடித்திருந்தது. "ஆறிடும், ஆறிடும்," என்றேன். எனக்கு வயிற்றைப் புரட்டியது.

தினமும் அவள் என் புருஷனின் மலத்தைத் துடைக்கிறாள். அதைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் புரட்டியதில்லை. அவள் காலைப் பார்த்துத்தான் புரட்டியது.

புதன்கிழமை காலையில் பட்டியலை நல்ல தாளில் எழுத உட்கார்ந்தேன். கோயில் இளைஞர்கள் பூசையை யூடியூபில் நேரலையாகப் போடுகிறார்கள். பாதம் கழுவும்போது காமிரா ரொம்பக் கிட்டே வரும். இந்தக் காலை சாமியார் முத்தம் செய்வதை உலகமே பார்க்கணுமா? பாவம், சாமியாருக்கு எப்படி இருக்கும்? அவளுக்கும்தான் கூச்சமாக இருக்காதா? இப்படியெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்தேன். எல்லாம் அடுத்தவர்களுக்காகவே நினைத்தேன், அதுதான் வேடிக்கை. பதினொரு பெயரை எழுதிவிட்டு, பன்னிரண்டாவது இடத்தில் என் பெயரை எழுதினேன்.

ஆமாம், என் பெயரைத்தான். வேறு யாரையாவது போட்டிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகவாவது இருந்திருப்பேன். நேரம் இல்லை, ஆள் கிடைக்காது, ஒரு கால் குறையக்கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கே மகளுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். "நாளைக்கு அம்மா உட்காருகிறேன், மறக்காமல் பார்." நேரம் இல்லாதவள் செய்கிற காரியமா இது?

அவளிடம் சொல்லியிருக்கலாம். புதன்கிழமை சாயங்காலம் முழுக்க என் எதிரில்தான் இருந்தாள். "நாளைக்கு மத்தியானமே வந்து சாரைப் பார்த்துட்டு, அப்படியே கோயிலுக்கு வந்துடுறேன் டீச்சர்," என்றாள். நான் "சரி" என்றேன். அவ்வளவுதான் வாய் வந்தது. ஊரையே அதட்டுகிற வாய்.

வியாழக்கிழமை நான் மத்தியானம் முழுக்கக் காலைத் தேய்த்தேன். அவள் வந்து சாரைப் பார்த்துவிட்டுப் போகிற வரைக்கும் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. கோயிலுக்குப் போனபோது அவள் எனக்கு முன்னாலேயே வந்து பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீலத்தில் ஒரு புதுப் புடவை, தலை நிறைய கனகாம்பரம். இரண்டு காலையும் சேர்த்து நாற்காலிக்கு அடியில் மறைத்து வைத்திருந்தாள். வாசல் பக்கம் ஏழெட்டுப் பொம்பளைகள் நின்றார்கள். அவளோடு நடவுக்குப் போகிறவர்கள். யாரும் எங்கள் மதம் இல்லை, கோயிலுக்குள் அதற்கு முன் காலெடுத்து வைத்தவர்களும் இல்லை. அவள் காலை சாமியார் கழுவுவதைப் பார்க்க வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தி அவளைப் பார்த்துக் கையை ஆட்டினாள். இவள் வெட்கப்பட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதாவது நான் திரும்பியிருக்கலாம். மாதாவே, எனக்கு என்ன பிடித்திருந்தது அன்றைக்கு?

கிட்டே போய்க் குனிந்தேன். "சாமி வேண்டாம்னுட்டாரு," என்றேன். "புண்ணு இருக்கவங்க உக்காரக் கூடாதாம். தொத்திக்குமாம்."

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். "அதுவும் சரிதானே டீச்சர். சாமிக்கு ஏதாச்சும் ஆயிட்டா? எனக்குத் தோணாமப் போச்சே," என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். துடைத்துவிட்டுப் போய் வாசல் பக்கம் அந்தப் பொம்பளைகளோடு நின்றுகொண்டாள். அவர்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. அவள் துடைத்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன்.

சாமியார் ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து மண்டி போட்டதும் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு குனிந்து தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தம் செய்தார். காமிரா பக்கத்தில் இருந்தது. என் கால் பளபளவென்று இருந்ததாக மகள் பிறகு போனில் சொன்னாள்.

பூசை முடிந்து, நற்கருணையைப் பக்கத்துப் பீடத்துக்கு இடம் மாற்றி வைத்தபிறகு, சாமியார் வாசலுக்கு வந்தார். அவளைப் பார்த்ததும் நேரே அவளிடம் போனார். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"ஏம்மா, உங்க பேரை நான்தானே எழுதினேன்? ஏன் வந்து உக்காரல? உங்களைத் தேடினேனே."

அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, விடை சரிதானா என்று டீச்சரைப் பார்க்கிற பிள்ளையின் முகமாக இருந்தது. விடை சரிதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கால் வலி சாமி," என்றாள். "அவ்வளவு நேரம் தொங்கப் போட முடியாதுன்னு நானே டீச்சரை உக்காரச் சொன்னேன்."

சாமியார் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரிம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் பெரிய வெள்ளி. இனிமேல் அவள் வரமாட்டாள் என்று முடிவு செய்துவிட்டேன். வராமல் இருப்பதுதான் நியாயம் என்றும் தோன்றியது. ஐந்தரை ஆனதும் என் வீட்டுக்காரர் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார். நானே புரட்டலாம் என்று முயன்று, பாதியில் கை வழுக்கி, அவர் வலியில் கத்திவிட்டார். அப்போதுதான் கொல்லைக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, தேங்காய் நாரால் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புண்ணின் மேலேயே தேய்த்தாள். மருதாணிச் சிவப்பா, ரத்தமா தெரியவில்லை, தண்ணீர் சிவப்பாகப் போனது. அவளிடம் சொல்வதற்கு நான் ராத்திரியெல்லாம் வார்த்தை கோர்த்து வைத்திருந்தேன். அவள் எழுந்து வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றாள். இரண்டு வருஷமாகச் சேற்றுக் காலோடு தன் வீடு மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தவள்.

"உள்ள வரலாமா டீச்சர்? நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன். சாருக்குத் தொத்திக்கிட்டா என்ன பண்றது, பாவம் அவரே எந்திரிக்க முடியாம கெடக்காரு."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. அது சாமியார் சொன்னது இல்லை, நான் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் படித்த டீச்சர் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். கோர்த்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, "வா, அவர் காத்துக்கிட்டிருக்காரு," என்றேன்.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "இதை அவங்ககிட்ட சொல்லுங்க டீச்சர்," என்றார். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். குறுவை அறுத்து, சம்பா நட்டு, இப்போது அதையும் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் தினமும் வருகிறாள். தினமும் குழாயடியில் உட்கார்ந்து தேய்க்கிறாள். தினமும் நிலைப்படியில் நின்று, நான் தலையசைத்தபிறகுதான் உள்ளே வருகிறாள்.

அது தொத்தாது என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் போதும். சொன்னால், பிறகு ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் சொல்லவேண்டும். அவள் கேட்கமாட்டாள். அன்றைக்குக் கோயில் வாசலில் பார்த்த மாதிரி என்னை ஒரு தரம் பார்ப்பாள். அந்த ஒரு பார்வைக்குப் பயந்துகொண்டு, என்னைவிட மூத்தவளைத் தினமும் புண்ணைத் தேய்க்க விட்டுக்கொண்டிருக்கிறேன்.