மிக்சி ஓடிய நேரத்தில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பிள்ளையார்பாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவன். ஒயரும் கரண்டும்தான் எனக்குத் தெரியும். நீங்கள் நம்பினாலும் சரி, சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் சேகர் அண்ணன் திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். வருஷம் திரும்புவதற்குள் மகள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். அவளுடைய முகூர்த்தப் புடவைக்கு அவரேதான் டிசைன் வரைந்துகொண்டிருந்தார். தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது, டிசைன் ஃபைல்தான் கிடைக்கவில்லை. "அப்பா போட்டதைக் கட்டிக்கினுதான் மணையில உக்காருவேன்னு அடம்பிடிக்கிறாப்பா" என்று அண்ணி என்னைக் கூப்பிட்டு அழுதார்.

அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு சிஸ்டம் உண்டு; ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அண்ணன் வேலை செய்ததெல்லாம் லினக்ஸில்; அதைப் பூட்டிய பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லவில்லை, மனுஷன். விண்டோஸ் வழியாகப் போனால், அந்தப் பக்கம் இருப்பது புரியாமல் ‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்று கேட்கிறது. அண்ணி உதவி செய்வதாக நினைத்து மவுஸைத் தொட, "ஐயோ, கை வைக்காதீங்க அண்ணி, எல்லாம் அழிஞ்சிடும்!" என்று கத்திவிட்டேன். பாவம், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சமாதானமாகச் சொன்னேன்: "லினக்ஸ்ல இருந்தா விண்டோஸ் ஃபைலெல்லாம் தெரியும், எடுக்கலாம், வைக்கலாம். இங்க இருந்து அது தெரியாது."

"அப்போ அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு நம்மளத் தெரியுமாப்பா?"

கீபோர்டைப் பார்த்தபடியே தெரியும் என்றேன்.

"ரெண்டு இட்லி சாப்பிடு, சட்னி அரைக்கணும், பிளக்கு குடு" என்றார். கம்ப்யூட்டரை அணைத்து, நானே அதன் பிளக்கைப் பிடுங்கி அதே இடத்தில் மிக்சியைச் சொருகினேன். சாப்பிட்ட பிறகு மறுபடி விண்டோஸைத் திறந்தால், முகப்பிலேயே மகள் பெயரில் ஒரு ஃபைல். சத்தியமாக முன்பு இல்லை. அதில் பதிவாகியிருந்த நேரம், மிக்சி ஓடிக்கொண்டிருந்த நேரம். திறந்தேன். கரை, உடல், முந்தானை எல்லாம் முழுசாக இருந்தது.

அண்ணி திரையைத் தடவினார். "முந்தானை பாதியிலயே நிக்குதுன்னு அவரு போன அன்னிக்குக் காலையிலகூடப் புலம்பிக்கினு இருந்தாரேப்பா."

அந்த லினக்ஸ் இன்றுவரை திறக்கவில்லை. கல்யாணத்தன்று அந்தப் புடவையில் பெண் வந்தபோது எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எதுவரை வரைந்தார், எங்கிருந்து வேறு கை தொட்டது என்று தேடினேன். எல்லாம் ஒரே கை.