நின்னு போச்சுன்னா யாரு வருவா?

டிராக்டர் விற்கிறவனுக்கு மழை பெய்தாலும் வியாபாரம் இல்லை, பெய்யாவிட்டாலும் வியாபாரம் இல்லை. பெய்தால் எல்லோரும் காடு கழனியில் இருப்பார்கள், பெய்யாவிட்டால் டீக்கடையில் இருப்பார்கள். ஷோரூமில் நானும் ஏசியும் மட்டும் இருப்போம். துணிக்கடையிலோ இன்சூரன்ஸிலோ 'மாத டார்கெட்' என்ற பேயோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம ஜாதிதான்.

எங்கள் கடை திண்டுக்கல் நாகல் நகர் பக்கம். போன தை மாதம் கம்பெனி ஒரு 'ஸ்மார்ட்' டிராக்டரை எங்கள் முதலாளி தலையில் கட்டியது. முன்னால் டிவி மாதிரி ஒரு திரை, உடம்பெல்லாம் சென்சார், செல்போனில் ஆப். விலையைக் கேட்டவர்கள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கழுத்தில் மாலையோடு, கண்ணாடிக்குப் பின்னால், ஏசியில், ஒரு வேலையும் செய்யாமல் நின்றதால் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தோம். ஆடி பிறந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஆயுத பூஜைக்குள்ள அது வெளிய போகணும். இல்ல, நீங்க வெளிய போகணும்" என்றார். மகளை அந்த மாதம்தான் கல்லூரியில் சேர்த்திருந்தேன்.

விவசாயியின் வலி

மாப்பிள்ளையை விற்பது எப்படி என்று சொல்லித்தர ஏரியா மேனேஜர் தினேஷ் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். மண்ணையே மிதிக்காத பளபள ஷூ. சுவரில் படம் ஓட்டினார். அதில் ஒரு விவசாயி, துளி அழுக்கில்லாத வெள்ளை வேட்டியில், செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் செல்போனைப் பார்த்துச் சிரிக்கிற விவசாயியை நான் கண்டதில்லை. தக்காளி விலையைப் பார்த்தால் எவனுக்குச் சிரிப்பு வரும்?

"விவசாயியோட வலி என்ன, சொல்லுங்க பாப்போம்" என்றார் தினேஷ். மெக்கானிக் செல்வம் கையைத் தூக்கி, "இடுப்பு வலி சார்" என்றார். அது இல்லையாம். தகவல் இல்லாததுதான் வலியாம். நான் மெதுவாக, "சார், இங்க எல்லாரும் சாதா வண்டிதான் கேக்குறாங்க. நின்னா ஸ்பேனரை எடுத்து அவங்களே சரி பண்ணிக்கிடுவாங்க" என்று இழுத்தேன். ஒன்றாம் வகுப்புப் பையனைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். "அவங்க கேக்குறதைப் பாக்காதீங்க சார். விவசாயிக்கு என்ன வேணும்னு விவசாயிக்கே தெரியாது."

வசவு

தாடிக்கொம்பிலிருந்து ஒரு பூ விவசாயி வந்தார். பெயர் முத்தையா. ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். ஆஹா, மீன் சிக்கியது என்று மாப்பிள்ளையை மாலையோடு பின்பக்கக் காலியிடத்துக்கு இறக்கினேன். நம் ஆட்கள் உழும்போது சீட்டில் உட்கார்ந்தே இருக்க மாட்டார்கள். கலப்பை மண்ணில் இறங்குகிறதா என்று பாதி எழுந்து பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். முத்தையாவும் அப்படி எழுந்தார். சீட்டில் ஆள் இல்லை என்று சென்சார் முடிவு செய்து இன்ஜினை நிறுத்திவிட்டது. கூடவே ஒரு பெண் குரல் கறாராக ஏதோ சொன்னது. அதுவும் இந்தியில்.

அவர் உட்கார்ந்தார், ஓட்டினார், எழுந்தார். வண்டி நின்றது. மறுபடியும் இந்தி. இப்படியே ஐந்தாறு தடவை நடந்தது. "ஏலே அப்பு, இந்தம்மா என்னதான் சொல்லுது?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது. 'உட்காருங்கள்' என்றுதான் இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். தமிழ்க் குரல் பிறகு வரும் என்று கம்பெனி சொல்லியிருப்பதையும் சொன்னேன். அவர் இறங்கித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வையிறதுன்னாலும் தமிழ்ல வையச் சொல்லுங்கப்பு. நானும் திருப்பி நாலு வார்த்தை வையணும்ல?"

ரசிகர்

மாப்பிள்ளையைப் பார்த்து மயங்கியவர் ஒருவரே ஒருவர். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயம் செய்யப்போவதாகச் சொன்னார். திரையில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். எனக்கே தெரியாத பொத்தான்களை எனக்கு விளக்கினார். மேலே ஏறி உட்கார்ந்து பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டார். பாதிப் படங்களை நான்தான் எடுத்தேன். வாங்கிக் கொடுத்த டீயையும் மறுக்கவில்லை. வேலை தப்பித்தது என்று மனதுக்குள் வெடி வெடித்துக்கொண்டே, ஆர்டர் எழுதப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நிலம் எந்த ஊரில் என்று கேட்டேன். "நிலமா? அது இனிமேதான் சார் பாக்கணும்."

மழைக்கும் பதிவு

கன்னிவாடி ஆரோக்கியமேரி அக்கா பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு காட்டையும் அவரேதான் பார்க்கிறார். மக்காச்சோளம், கொஞ்சம் தென்னை. நான் மாப்பிள்ளையின் பெருமைகளை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பரீட்சையில் மனப்பாடம் செய்து எழுதுகிற பையனின் விடைத்தாளைப் படிப்பதுபோல அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நின்னு போச்சுன்னா யாரு வருவா?"

"கோயம்புத்தூர்லருந்து இன்ஜினியர் லேப்டாப்போட வருவாருக்கா." "நம்ம செல்வம் கைவைக்கக் கூடாதா?" "கூடாது. கம்ப்யூட்டர்ல பூட்டி வச்சிருக்காங்க." "அவரு எப்ப வருவாரு?" "ஆப்ல பதிவு பண்ணிட்டீங்கன்னா, வரிசைப்படி வருவாரு." அவர் எழுந்து போய் மூலையில் தூசி படிந்து நின்ற சாதா வண்டியின் பானெட்டைத் தட்டி, அதையே போடச் சொன்னார். எனக்கு ஒரு வண்டி விற்றது, ஆனால் விற்க வேண்டிய வண்டி விற்கவில்லை. முதலாளி நாள்காட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போகும்போது அக்கா வாசலில் திரும்பிச் சொன்னார். "ஒரு மழைக்கு மண்ணு பதமா இருக்கிறதே செத்த நேரந்தான் தம்பி. பேசாம மழையையும் அந்த ஆப்புல பதிவு பண்ணச் சொல்லுங்க, ரெண்டு பேரும் ஒண்ணா வந்து சேரட்டும்."

சொந்த வீடு

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம்தான் பாக்கி. நான் வேறு வேலைக்குச் சொல்லி வைக்க ஆரம்பித்திருந்தேன். அன்று தினேஷ் வந்தார். கம்பெனிச் சட்டை போடவில்லை. கூட ஒரு பெரியவர். தினேஷின் அப்பாவாம். ஒட்டன்சத்திரம் பக்கம் கிராமத்தில் முருங்கையும் தக்காளியும் போட்டிருக்கிறாராம். தினேஷுக்கு ஒரு காடு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அப்பாவுக்கு ஒரு வண்டி பாக்கணும். சாதா மாடலாக் காட்டுங்க. அந்தப் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போயிராதீங்க" என்று மாப்பிள்ளையைக் கண்ணால் காட்டினார். "ஏன் சார், தகவல் இல்லாததுதானே வலி?" என்றேன். சொல்லும்போது வாய் இனித்தது. "விளையாடாதீங்க. அது சின்னக் கோளாறுக்கெல்லாம் நின்னுக்கும். ஆளு வர நாளாகும். அப்பா அங்க தனியா இருக்காரு" என்றார். ஆக, எல்லாம் தெரிந்துதான் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அதற்குள் பெரியவர் நேராக மாப்பிள்ளையிடம் போய்விட்டார். "ஏனுங்க, எம் பையன் ஊரூராப் போயி விக்கறது இந்த வண்டிதானுங்களே?" ஆமாம் என்றேன். தினேஷ் ஓடி வந்து, "அப்பா, இது நமக்கு வேண்டாம்" என்றார். பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, ஊருக்கெல்லாம் நல்லதுன்னுதான விக்கறே? நம்மூட்டுக்கு மட்டும் ஆகாதா?" தினேஷ் தன் ஷூவைப் பார்த்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்குப் பின்னால் இருந்து செல்வம் இதை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும், மாப்பிள்ளையும் போயிருக்கும், என் வேலையும் தங்கியிருக்கும். மகன் மேல்தான் எனக்குக் கோபம், அப்பா என்ன செய்தார்? "ஐயா, இது அடிக்கடி நின்னு போகுமாம்" என்று சொல்லிவிட்டேன். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்.

"நின்னு போச்சுன்னா யாருங்க வருவாங்க?" என்றார் பெரியவர். அதே கேள்வி. என் வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டேன். "கம்பெனி ஆளுதாங்கய்யா வரணும். இந்த ஏரியாவுக்குப் பொறுப்பு உங்க பையன். எது நின்னாலும் முதல்ல அவருதான் நேர்ல வந்து பாத்து ரிப்போர்ட் எழுதணும். அப்புறந்தான் இன்ஜினியர் வருவாரு" என்றேன். பெரியவர் சீட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "அப்ப இதையே போடுங்க தம்பி. உழவுக்குப் பழைய வண்டி கெடக்குது, அது ஓடுமுங்க. இவன் தீவாளிக்குத் தீவாளிதான் ஊட்டுக்கு வாரான், இது அடிக்கடி நின்னாத்தான் அடிக்கடி வருவான்."

மாப்பிள்ளை மாலையோடு லாரியில் ஏறிப் போனது. இப்போதெல்லாம் தினேஷ் எங்கள் கடைக்கு வரும்போது ஷூவில் செம்மண் ஒட்டியிருக்கிறது, விவசாயியின் வலி பற்றிப் பேசுவதில்லை. ஆயுத பூஜைக்கு மாப்பிள்ளை நின்ற இடத்தைக் கழுவிக் கோலம் போட்டோம். 'ஸ்மார்ட் வண்டி விற்கத் தெரிந்த கடை' என்று கம்பெனி எங்களைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது. மறுவாரமே அந்தக் கோலத்தின் மேல் இரண்டு திரை வைத்த புது மாடல் ஒன்று வந்து நின்றது.

இந்தத் தொழிலில் யாரும் வாங்காத வண்டியை விற்றுக் காட்டியவனுக்குக் கிடைக்கிற பரிசு, யாரும் வாங்காத இன்னொரு வண்டி.